நல்லர்போர் ரோட்டில் 146 கிலோமீட்டர்

அடிலெய்டு,
செப்டம்பர் 3

அன்புள்ள செல்லத்துரைக்கு,

நீ அனுப்பிய குரல் செய்தியைக் கேட்டு மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாததற்குச் சோம்பல் காரணமில்லை. அது வந்து சேர்ந்த நேரத்தில் நான் போனில் ஒரு கோடு சிக்னல்கூட இல்லாத இடத்தில் இருந்தேன். திரும்பி வந்ததும் ஆபீஸ் வேலை கழுத்தைப் பிடித்துக்கொண்டது. போனில் சொல்லலாம்தான். ஆனால் நீ குறுக்கே குறுக்கே பேசுவாய், நானும் சொல்ல வந்ததை விட்டுவிடுவேன். அதனால் எழுதுகிறேன், நிதானமாகப் படி. கண் கூசினால் மதினியைப் படிக்கச் சொல்.

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். மூத்தவளுக்குத் தையில் கல்யாணம் என்றாய், லீவுக்கு இப்போதே எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆனால் வண்டியை விற்றுவிட்டேன் என்று சொன்னாயே, அந்த இடத்தில் உன் குரல் ஒரு மாதிரி இறங்கியது. முப்பத்தோரு வருஷம் ஸ்டியரிங் பிடித்த கைக்கு டீ கிளாஸைப் பிடிக்கவே என்னமோ மாதிரி இருக்கிறது என்றாய். அதை நான் இரண்டு தரம் கேட்டேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நாங்கள் போனது இந்த ஆஸ்திரேலியாவின் தெற்குக் கரையை ஒட்டி மேற்கே. அடிலெய்டிலிருந்து எஸ்பெரன்ஸ் வரை, நானும் பார்வதியும் நம் பழைய டொயோட்டாவும். முதல் நாள் சுமார் 780 கிலோமீட்டர் ஓட்டி செடூனா என்ற ஊரில் படுத்தோம். சிப்பிக்குப் பேர்போன ஊர். எலுமிச்சை பிழிந்து பச்சையாகவே உறிஞ்சுகிறார்கள். நான் ஆறு சாப்பிட்டேன். முத்துக் குளித்த ஊர்ப்பக்கம் பிறந்துவிட்டுச் சிப்பியின் ருசி தெரியாமலே வளர்ந்திருக்கிறோம். பார்வதி அந்தப் பக்கமே திரும்பவில்லை.

செடூனாவைத் தாண்டினால் நார்ஸ்மன் வரை 1200 கிலோமீட்டர். நடுவில் ஊர் என்று சொல்ல ஒன்றிரண்டு தவிர எதுவும் கிடையாது. ரோட்ஹவுஸ் இருக்கும். பெட்ரோல் பங்க், மெஸ், லாட்ஜ் மூன்றும் ஒரே கூரையின் கீழ். ஒன்றை விட்டால் அடுத்தது 60 கிலோமீட்டரிலும் வரும், 190 கிலோமீட்டரிலும் வரும். தண்ணீர் நம் கையில் இருக்க வேண்டும். நாங்கள் நாற்பது லிட்டர் ஏற்றிக்கொண்டோம். 1976-இல்தான் இந்த ரோடு முழுக்கத் தார் போட்டு முடிந்ததாம். அதற்கு முன்னால் போனவர்கள் பாடு என்னவோ!

இந்தச் சமவெளிக்கு நல்லர்போர் என்று பெயர். 'நல்ல போரா?' என்று பார்வதி புறப்படும்போதே சிரித்தாள். லத்தீனில் 'மரம் இல்லாதது' என்று அர்த்தமாம். முழுக்கச் சுண்ணாம்புக்கல், தமிழ்நாட்டைப் போல ஒன்றரை மடங்கு. ஆனால் வேடிக்கையைக் கேள். ரோடு அந்தச் சமவெளியின் தெற்கு ஓரத்தில்தான் போகிறது. பாதி வழிக்கு மேல் இரண்டு பக்கமும் குட்டை யூகலிப்டஸ் மரம்தான். மரமே இல்லாத வெட்டவெளி ரோட்டில் வருவது கொஞ்ச தூரத்துக்குத்தான். இன்னொரு ஏமாற்றம், கடல். கடற்கரைப் பயணம் என்றுதான் பேர், கடல் கண்ணில் படுவது அபூர்வம். கிளை ரோட்டில் திரும்பினால்தான் உண்டு. திரும்பினால் மட்டும் விழுந்து கும்பிடலாம். அறுபது மீட்டருக்கு மேல் செங்குத்தாக வெட்டி நிறுத்திய பாறைச் சுவர், கீழே வெள்ளையும் மேலே பழுப்புமாக. பண்டா கிளிஃப்ஸ் என்கிறார்கள். விளிம்பில் நின்று தெற்கே பார்த்தால் அண்டார்டிகா வரை குறுக்கே நிலமே கிடையாது. காற்று ஆளைத் தள்ளுகிறது. பார்வதி என் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

அதற்குக் கொஞ்சம் முன்னால் ஹெட் ஆஃப் பைட் என்ற இடத்தில் திமிங்கிலம் பார்த்தோம். மே முதல் அக்டோபர் வரை தெற்குக் கடலிலிருந்து இங்கே குட்டி போட வருகின்றன. யலாட்டா பூர்வகுடி மக்கள் நடத்தும் இடம். பாறைச் சரிவில் மரப்பலகைப் பாதை இறங்குகிறது. நேர் கீழே தாயும் குட்டியும். தலையில் வெள்ளை வெள்ளையாகத் தடித்த தோல், நம் வள்ளத்தின் அடியில் கொட்டலசு ஒட்டியிருக்கிற மாதிரி. அந்தத் திட்டுகள் ஒன்றுக்கு இருப்பது போல் இன்னொன்றுக்கு இருக்காதாம், அதை வைத்தே ஆள் அடையாளம் சொல்லிவிடுகிறார்கள். அது மூச்சுவிடும் சத்தம் இருக்கிறதே, உன்னைத் தவிர யாருக்குச் சொன்னாலும் புரியாது. இறக்கத்தில் வந்து நின்ற லாரி ஏர் பிரேக்கை விடுமே, 'புஸ்ஸ்' என்று, அச்சு அசல் அதே. தாய் ஒரு தரம், குட்டி சன்னமாக ஒரு தரம். ஒன்றரை மணி நேரம் நின்றோம். தாய் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. மிதந்தது, புரண்டது, குட்டி அதன் மேல் ஏறி வழுக்கியது. ஒரு காலத்தில் இதை ஒழித்துக்கட்டுகிற அளவுக்கு வேட்டையாடியிருக்கிறார்கள். மெதுவாக நீந்தும், செத்தாலும் மிதக்கும், எண்ணெயும் அதிகம். கொல்வதற்குத் 'தோதான' திமிங்கிலம் என்று ஆங்கிலத்தில் அதற்கு 'ரைட் வேல்' என்றே பெயர் விழுந்துவிட்டதாம்.

அன்று ராத்திரி தங்கிய இடத்தில் ஒரு கூத்து. மேற்கு ஆஸ்திரேலியாவுக்குள் பழம், காய்கறி, தேன் எதுவும் கொண்டுபோகக் கூடாது. எல்லையில் சோதனைச் சாவடி உண்டு. பார்வதியிடம் ஒரு கிலோ சின்ன வெங்காயமும் ஒரு கட்டுக் கருவேப்பிலையும் இருந்தன. குப்பையில் போட மனசு வருமா? கையடக்க அடுப்பை வைத்து, குளிரில் பல் கிட்டிக்கப் பத்து மணி வரை வெங்காயம் உரித்து, வதக்கி, தொக்காக்கிவிட்டாள். மறுநாள் சாவடியில் அந்த அம்மாள் டப்பாவைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, சமைத்ததுதானே என்று சிரித்து விட்டுவிட்டாள். பக்கத்து வண்டிக்காரர் மூன்று ஆப்பிளை வேக வேகமாகக் கடித்துத் தின்றுகொண்டிருந்தார்.

எல்லை தாண்டியதும் கடிகாரத்தை 45 நிமிஷம் பின்னால் வைக்க வேண்டும். ஒரு மணி இல்லை, அரை மணி இல்லை, முக்கால் மணி! விரல்விட்டு எண்ணக்கூடிய ஜனத்துக்கு என்று தனி நேரம்.

அங்கே யூக்லா என்ற இடம். 1877-இல் கட்டிய தந்தி நிலையம் ஒன்று மணலில் புதைந்து கிடக்கிறது. புகைபோக்கியும் இரண்டு சுவரும்தான் வெளியே தெரிகின்றன. முயல் பெருகிப் புல்லையெல்லாம் தின்றுவிட, பிடிமானம் போன மணல் நகர்ந்து வந்து ஊரை மூடிவிட்டதாம். தனுஷ்கோடியைப் புயல் ஒரே ராத்திரியில் கொண்டுபோனது, இதை முயல் நிதானமாகச் சாப்பிட்டிருக்கிறது. அதே மணல்மேட்டில்தான் 1841-இல் எட்வர்ட் ஐயர் என்ற வெள்ளைக்காரர் உயிர் பிழைத்தார் (ஐயர் என்றதும் கும்பகோணத்தை நினைக்காதே). தண்ணீர் இல்லாமல் நாள் கணக்கில் நடந்து வந்தவர்களுக்கு, மணலைத் தோண்டினால் நல்ல தண்ணீர் வரும் என்று இடம் காட்டியது அந்த மண்ணின் பூர்வகுடிகள். படித்ததும் உன் ஆச்சி ஞாபகம் வந்தது. கடலிலிருந்து நாலு எட்டில் உட்கார்ந்து சிரட்டையால் ஊற்றுத் தோண்டி, மணல் கலங்காமல் மொண்டு மொண்டு குடத்தில் ஊற்றுவாளே. உப்புக் கடல் பக்கத்திலேயே எப்படி ஆச்சி இனிக்கிறது என்று கேட்டால், 'மழைத்தண்ணி லேசுல்லா, மேல நிக்கும்' என்பாள். பிற்பாடு புத்தகத்தில் பக்கம் பக்கமாகப் படித்ததும் அதையேதான். அந்த ஐயர் பயணத்தில் கூட வந்தவர்களில் ஒருவர் கொலையானார், இரண்டு பேர் ஓடிப்போனார்கள். கடைசிவரை கூடவே நடந்து கரை சேர்ந்தவன் வைலி என்ற பூர்வகுடி இளைஞன். ரோட்டுக்கு ஐயர் பெயர்.

சரி, இப்போது உன் சமாச்சாரத்துக்கு வருகிறேன்.

இந்த ரோட்டில் ஓடும் லாரிகளுக்கு ரோட் ட்ரெயின் என்று பெயர். பெயர் சரிதான். நீளம் 36.5 மீட்டர் வரை விடுகிறார்கள். உன் பத்துச் சக்கர வண்டியை நாலு வரிசையாக முட்ட நிறுத்தினால் எவ்வளவோ அவ்வளவு. ஒன்றை முந்த வேண்டியிருந்தது. பின்னாலேயே பத்து நிமிஷம் போனேன், தைரியம் வரவில்லை. வண்டியில் இருந்த வயர்லெஸ்ஸில் 40-ஆம் சேனலைப் போட்டு, முந்தலாமா என்று கேட்டேன். 'எதிரே காலியாக இருக்கிறது, வா நண்பா' என்றது ஒரு கரகரத்த குரல். வலது பக்கம் எடுத்தேன். மிதிக்கிறேன், மிதிக்கிறேன், சக்கரம் வந்துகொண்டே இருக்கிறது. காற்று ஒரு தரம் உள்ளே இழுக்கிறது, ஒரு தரம் வெளியே தள்ளுகிறது. தாண்டி நன்றி சொன்னதும், அந்தி சாயும் முன் எங்காவது தங்கிவிடு, கங்காரு குறுக்கே பாயும் என்று சொல்லிவிட்டு அடங்கிவிட்டது அந்தக் குரல். அந்தப் பகலில் பார்வதியைத் தவிர என்னோடு பேசிய ஒரே மனுஷக் குரல் அதுதான்.

கைகுனாவிலிருந்து பல்லடோனியா பக்கம் 146.6 கிலோமீட்டர் ரோடு ஒரே நேர்கோடு. ஒரு வளைவு கிடையாது. பலகையே வைத்திருக்கிறார்கள், எல்லாரும் நின்று போட்டோ எடுக்கிறார்கள். நாங்களும் எடுத்தோம். முதல் இருபது கிலோமீட்டர் வேடிக்கையாக இருந்தது. நாற்பதில் பார்வதி தூங்கிவிட்டாள். அதற்குப் பிறகுதான் அந்த ரோடு தன் குணத்தைக் காட்டியது. தூரத்தில் கானல், அதில் ஒரு புள்ளி, அது லாரியாகி நம்மைக் கடக்க நிமிஷங்கள் ஆகின்றன. கடக்கும்போது அந்த டிரைவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரே ஒரு விரலைத் தூக்குகிறான். நானும் தூக்குகிறேன். முடிந்தது. மறுபடி கானல். ஓரிடத்தில் ரோட்டின் மேலேயே வெள்ளைப் பட்டை போட்டிருந்தது, விமான டாக்டர் வந்து இறங்குகிற ஓடுதளம் அது. யாருக்காவது நெஞ்சுவலி என்றால் ரோட்டை மறித்து விமானத்தை இறக்குவார்களாம். எனக்கு அந்த நேரம் கழுத்து வலித்தது, கண் எரிந்தது, பாட்டுப் போட்டால் எரிச்சலாக இருந்தது, போடாவிட்டால் மனசு கண்டதையும் தோண்டியது. மொத்தமே ஒன்றரை மணி நேரம், செல்லத்துரை.

பல்லடோனியா ரோட்ஹவுஸில் இறங்கினேன். உள்ளே சின்னதாக ஒரு மியூசியம். என்ன வைத்திருக்கிறார்கள் தெரியுமா? ஸ்கைலாப் துண்டுகள்! 1979-இல் வானத்திலிருந்து தலையில் விழப்போகிறது என்று நம்மை நடுங்க வைத்த அதே அமெரிக்க விண்வெளி நிலையம் இந்தப் பக்கம்தான் விழுந்திருக்கிறது. எஸ்பெரன்ஸ் நகராட்சி, குப்பை போட்டதற்கு என்று விளையாட்டாக அமெரிக்கா மேல் 400 டாலர் அபராதம் விதித்ததாம். நம் ஊரில் எப்படியும் எல்லாரும் சாகப்போகிறோம் என்று உங்கப்பா இருந்த இரண்டு சேவலையும் அறுத்துத் தெருவையே கூப்பிட்டுச் சோறு போட்டாரே. மறுநாள் காலையில் விடிந்ததும், கூவ ஒரு சேவல் இல்லையே என்று உங்கம்மா போட்ட சத்தம்! கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் கருகிய தகரத்தைப் பார்த்து நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன், கடைக்காரப் பெண் ஒரு மாதிரி பார்த்தாள்.

வெளியே வந்தேன். ரோட் ட்ரெயின் ஒன்று நின்றது. டிரைவருக்கு நம் வயசுதான் இருக்கும், தொப்பை, அரை டிராயர். கையில் ஒரு கட்டை. ஒவ்வொரு டயராகத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே போனார். டொங், டொங், டொங். காபியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ. 1996 என்று நினைக்கிறேன், பஸ் ஸ்டாண்டு டீக்கடையில். நீ நாகபுரிக்கு உப்பு லோடு இறக்கிவிட்டு அன்றுதான் வந்திருந்தாய். நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு, வெள்ளைச் சட்டை. 'உனக்கென்னப்பா, உட்கார்ந்த இடத்திலேயே சம்பாத்தியம்' என்றேன், நாலு பேர் முன்னால். எல்லாரும் சிரித்தார்கள். நீ ஒன்றும் பேசவில்லை. டீயைக் குடித்து முடித்து, கம்பியை எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு டயராகத் தட்டினாய். அந்தச் சத்தம்தான் இது.

அப்புறம் நார்ஸ்மன் பார்த்தோம். 1894-இல் ஒரு குதிரை காலால் கீறிய இடத்தில் தங்கம் கிடைத்து, அதன் பெயரையே ஊருக்கு வைத்திருக்கிறார்கள். எஸ்பெரன்ஸில் லக்கி பே என்ற கடற்கரை, கோலமாவு மாதிரி வெள்ளை மணல், அதன் மேல் கங்காரு படுத்துக் கிடக்கிறது. போட்டோ அனுப்புகிறேன், அதற்கு மேல் அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. வந்த ரோட்டிலேயே திரும்பினோம். அந்த 146-ஐ மறுபடி ஓட்டும்போது எதிரே வந்த ஒவ்வொரு வண்டிக்கும் நானே முதலில் விரலைத் தூக்கினேன்.

தையில் வருகிறேன். பார்வதி மதினிக்கு இங்கிருந்து என்ன வேண்டும் என்று கேட்கச் சொன்னாள். உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும், முப்பது வருஷமாகக் கேட்டதே இல்லை. கிளீனர் தூங்கிவிட்ட பிறகு, ராத்திரி இரண்டு மணிக்கு, அந்த நாகபுரி ரோட்டில் நீ எதை நினைத்துக்கொண்டு ஓட்டுவாய்?

உன்,
ராசு