தம்பியின் வழக்கில் உடன் நின்றவர்களுக்கு நன்றி

ஏற்காடு மலையின் உறவினர்களுக்கும் பெரியோர்களுக்கும் வணக்கம்.

காப்பி மூட்டை ஏற்றிய வண்டியைப் பனிமூட்டத்தில் பின்னுக்கு எடுத்தபோது பக்கத்துத் தோட்டத்துக் கல்தூண் வேலி சாய்ந்ததை, வேண்டுமென்றே இடித்ததாகக் கொண்டு என் தம்பி மேல் பதிவான வழக்கு, நீதிமன்றத்தில் சமரசமாக முடிந்துவிட்டது.

சேலம் அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு எங்களை அழைத்துச் சென்ற நாகலூர் ஆசிரியருக்கு முதல் நன்றி. பழங்குடியினருக்கு வருமானம் பார்க்காமலே வழக்கறிஞரை இலவசமாக அமர்த்தித்தர 1987ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தந்திருப்பது, மலையாளிப் பழங்குடி மக்களாகிய எங்களில் பலருக்கு அதுவரை தெரியாது. 15100 என்ற எண்ணில் அழைத்தும் சட்ட உதவி கேட்கலாம்.

காசு வாங்காத வக்கீல் ஏனோதானோவென்றுதான் வழக்கைப் பார்ப்பார் என்று சந்தையில் பேசியவர்கள், அந்த வழக்கறிஞர் அம்மா முதல் தகவல் அறிக்கையை வரிவரியாக எங்களுக்கு விளக்கியதைக் கேட்டிருக்க வேண்டும். குற்றங்களுக்குத் தண்டனை வகுக்கும் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 324ஆம் பிரிவின்படி, இழப்பு விளைவிக்கும் எண்ணமோ, இழப்பு நேரக்கூடும் என்ற அறிவோ இருந்தால்தான் அது குற்றமாகும் என்பதையும், இழப்பு 20,000 ரூபாய் முதல் ஒரு லட்சத்துக்குள் இருந்தால் 2 ஆண்டு வரையும், ஒரு லட்சமோ அதற்கு மேலோ என்றால் 5 ஆண்டு வரையும் சிறைத் தண்டனை உண்டு என்பதையும் அவர் சொன்ன பிறகுதான், புகாரில் எழுதியிருந்த தொகை எவ்வளவு பெரிய விஷயம் என்பது விளங்கியது. அதில் ஒரு லட்சத்துக்கு மேல் என்றிருந்தது.

அங்கேதான் வேலி மேஸ்திரி கைகொடுத்தார். அதே தோட்டங்களில் கூலி வாங்கிப் பிழைப்பவர், சாய்ந்த தூண்களை எண்ணி, கல், கம்பி, ஆள்கூலி என்று தனித்தனியே கணக்கெழுதிக் கையொப்பமிட்டார். அந்தத் துணிச்சலுக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். அவருடைய கணக்கையும் விசாரணை அதிகாரி சரிபார்த்ததால் இழப்பு ஒரு லட்சத்துக்குள்தான் என்றாகி, குற்றப்பத்திரிகை 2 ஆண்டு வரை தண்டனை உள்ள நான்காம் உட்பிரிவுக்கு இறங்கியது. தனியாருக்கு மட்டுமே இழப்பு நேர்ந்திருந்தால், இழப்படைந்தவரே அந்த உட்பிரிவு வழக்கைச் சமரசம் செய்துகொள்ளலாம். அப்படிச் செய்த சமரசம், குற்றம் சாட்டப்பட்டவரை நீதிமன்றம் விடுதலை செய்ததற்குச் சமம். தூண்களை நாங்கள் நட்டுக்கொடுத்ததும் மனமுவந்து கையொப்பமிட்ட தோட்டக்காரர் ஐயாவுக்கும் நன்றி சொல்வதே முறை.

வண்டி போன வழித்தடம் யாருக்குச் சொந்தம் என்ற பேச்சு இன்னும் தீரவில்லை. அது உரிமையியல் விவகாரம், தனியே பார்த்துக்கொள்வோம். இதுபோன்ற வழக்கில் சிக்கியவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தால், சமரச மனுவின் நகலையும் மேஸ்திரியின் மதிப்பீட்டுத் தாளையும் தடையின்றிப் பார்த்துக்கொள்ளலாம்.

நன்றியுடன்,
குடும்பத்தார் சார்பில் மூத்த சகோதரன்