கிளிநொச்சிக்குப் போன கம்பளிச் சட்டைகள்

தலவாக்கலை,
ஞாயிறு மாலை.

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் புதன்கிழமை கைக்குக் கிடைத்தது. வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாமே என்று பேத்தி சொல்லியும் தபாலில்தான் எழுதுவேன் என்று நின்றதாக எழுதியிருந்தாய். 1977 கலவரத்துக்குப் பிறகு உன் குடும்பம் லொறியில் ஏறி வடக்கே புறப்பட்டபோது, முகவரி எழுதிய துண்டுக் காகிதத்தை என் கையில் திணித்தாயே, அந்தப் பிடிவாதம் அன்றே தொடங்கிவிட்டது என்று நினைக்கிறேன். இங்கு மூன்று கிழமையாக விடாத மழை. மேல் கொத்மலை அணையின் வான்கதவுகளைத் திறப்பதாகச் சைரன் ஊதுகிறது, மூடுகிறார்கள், மறுபடியும் ஊதுகிறது. முழங்காலைப் பற்றிக் கேட்டிருந்தாய். வலி இருக்கிறது, நானும் இருக்கிறேன்.

இனி நீ கேட்ட விடயம். உங்கள் ஊர் முன்பள்ளிக்குக் கனடாவில் இருக்கும் உறவுக்காரர்கள் பணம் அனுப்ப முன்வந்திருக்கிறார்கள். மண்டபத்தோடு கூடிய கட்டடம் வேண்டும், முகப்பில் தம் பெற்றோரின் பெயர்ப்பலகை வேண்டும் என்கிறார்கள். முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளோடு மல்லுக்கட்டியவன் நான் என்பதால் என் அபிப்பிராயம் வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். பதில் சொல்வதற்கு முன், உதவி செய்யப் போய் நான் செய்த அசட்டுத்தனத்தை நினைவுபடுத்துவதுதான் நேர்மை.

2010 ஆகஸ்ட் விடுமுறை. எங்கள் தோட்டப் பாடசாலைப் பிள்ளைகள், நீங்கள் எல்லாம் முகாமிலிருந்து திரும்பி வெறும் தரையில் இருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டு, தங்களால் முடிந்ததைச் சேர்த்துக் கொடுத்தார்கள். கொப்பிகள், பென்சில்கள், சவர்க்காரம், அவற்றோடு நாற்பதுக்கு மேற்பட்ட கம்பளிச் சட்டைகள். மலையில் பிறந்த பிள்ளைக்கு இன்னொரு பிள்ளையின் கஷ்டம் என்றதும் முதலில் தோன்றுவது குளிர்தானே. அந்தச் சட்டைகளைக் கிளிநொச்சி வெயிலுக்குச் சுமந்துகொண்டு வரும்போது, பெரியவனாகிய எனக்கும் அது தோன்றவில்லை என்பதுதான் வெட்கம். ஓமந்தைச் சோதனைச் சாவடியில் பொதியைப் பிரித்த சிப்பாய் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு, “அங்கே குளிரா, மாஸ்டர்?” என்று சிரித்தான். உன் தறப்பாள் கொட்டிலுக்கு முன் பொதியை இறக்கியபோது அக்கம்பக்கத்துப் பெண்களும் சிரித்தார்கள். அவர்கள் சிரித்துப் பல மாதம் ஆயிற்று என்று நீ பிறகு சொன்னாய், அந்த அளவில் சட்டைகள் வீண்போகவில்லை. உன் அம்மா மட்டும் ஒரு பச்சைச் சட்டையை எடுத்து முகத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டு, “நுவரெலியாச் சந்தை வாசம்” என்றார். கண்மூடும் வரை அதைத் தலையணைக்குக் கீழே வைத்திருந்ததாக நீ எழுதிய கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

அந்தப் பயணத்தில் நான் கண்ட இன்னொன்றை உனக்கு முழுமையாகச் சொன்னதில்லை. நீ என்னை அழைத்துப் போன பாடசாலையில் கூரை என்பது நான்கு காட்டுத் தடிகளில் கட்டிய தறப்பாள். கரும்பலகை ஒரு கதவுப் பலகை. மூன்றாம் வகுப்பில் ஒரு சிறுமி, வெவ்வேறு நிறுவனங்கள் கொடுத்த மூன்று புத்தகப்பைகளுக்குச் சொந்தக்காரி, நிவாரணப் பட்டியல் அச்சிட்ட காகிதத்தின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். மூன்று பைகளில் யுனிசெப்பின் நீலப் பையை மட்டும் எந்நேரமும் தோளிலிருந்து இறக்கமாட்டாள். ஆசிரியையின் அனுமதியோடு திறந்து காட்டினாள். பொலித்தீனில் சுற்றிய புதுக் கொப்பிகள் நான்கு, ஒரு கரண்டி, ஒரு துவாய், மடிப்புகளில் கிழியத் தொடங்கிய அவளுடைய பிறப்பத்தாட்சிப் பத்திரம். கொப்பியில் ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். “திரும்ப ஓட வேண்டி வந்தா, அங்க கொப்பி வேணுமே சேர்” என்றாள். யுத்தம் முடிந்து பதினைந்து மாதம் ஆகியிருந்தது, அவளுக்கு முடியவில்லை.

அந்த ஆசிரியை பின்னர் எனக்கு எழுதியதில் தெரிந்தது, அவள் அந்தக் கொப்பிகளைப் பிரித்தது மறுவருடம் மூன்றாம் தவணையில்தான். இடையில் யாரும் அவளுக்கு ஆலோசனை கூறவில்லை, புதிதாக ஒன்றும் கொடுக்கவுமில்லை. அந்த ஆசிரியை மட்டும், தானும் இடம்பெயர்ந்து திரும்பியவர், எட்டு மைல் சைக்கிள் மிதித்து ஒவ்வொரு நாளும் ஏழே காலுக்கு வந்து நின்றார். நாளைக்கும் ரீச்சர் வருவார் என்று அந்தச் சிறுமியின் உடம்புக்கு நம்பிக்கை வருவதற்கு அத்தனை மாதங்கள் பிடித்தன.

நண்பா, எனக்கு இதில் புதுமை எதுவும் தெரியவில்லை, ஏனென்றால் நாமே பிள்ளை மடுவத்தில், தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில், வளர்ந்தவர்கள். வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டு மலைக்கு ஏறும் நம் அம்மாமார், விடியற்காலையில் நம்மை ஓர் ஆயம்மாவிடம் விட்டுவிட்டுப் போனார்கள். அங்கே விளையாட்டுச் சாமான் ஏது? ஆனாலும் அதே ஆயம்மா, அதே மூலை, பத்து மணிக்கு அதே பால். கொழுந்துக் கூடையோடு அம்மா திரும்பி வரும் நேரம் நமக்கு நிழலை வைத்தே தெரியும். பெரிய அனர்த்தங்களின்போது உதவி நிறுவனங்கள் முகாம்களில் அமைக்கும் சிறுவர் நேய வெளிகளின் உள்ளடக்கமும் கிட்டத்தட்ட இதுதான். குறித்த நேரம், பழகிய முகம், வேலியிட்ட சிறு இடம், பாட்டு, படம் வரைதல். வவுனியாவின் மெனிக் பாம் முகாமில் இடம்பெயர்ந்த ஆசிரியர்களே எழுந்து வகுப்பெடுத்தார்களே, 2009 ஆகஸ்டில் முகாமுக்குள்ளிருந்தே பிள்ளைகள் உயர்தரப் பரீட்சை எழுதினார்களே, அதை நீ அங்கிருந்து பார்த்தவன். மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவும், யுத்தத்துக்கு நடுவிலேயே, தமிழ்ப் பிள்ளைகளையும் முஸ்லிம் பிள்ளைகளையும் கிராமங்களிலிருந்து அழைத்துவந்து களிமண்ணும் கதையுமாக ஒன்றாக இருக்க வைத்தது. அங்கே பிள்ளையின் கையில் கொடுத்தனுப்பப் பொருள் என்று பெரிதாக ஒன்றுமில்லை, ஆகவே படம் எடுத்துப் போடவும் ஒன்றுமில்லை.

படம் என்றதும் ஒரு கதை. முதலாம் உலக யுத்தம் முடிந்த பிறகும் முற்றுகையினால் பட்டினி கிடந்த ஆஸ்திரியப் பிள்ளைகளின் படம் அச்சிட்ட துண்டுப்பிரசுரத்தை லண்டனில் பகிர்ந்ததற்காக, 1919இல் எக்லன்டைன் ஜெப் என்ற பெண்மணியைக் கைது செய்தார்கள். ஐந்து பவுண் அபராதம். எதிர்த்து வழக்காடிய அரச தரப்பு வழக்கறிஞரே அந்தப் பணத்தைக் கொடுத்தார் என்பார்கள். அந்த வருடமே அவரும் அவருடைய சகோதரியும் தொடங்கியதுதான் ‘சேவ் த சில்ட்ரன்’. எதிரி நாட்டுப் பிள்ளையும் பிள்ளைதான் என்று காட்டுவதற்கு அன்று படம் வேண்டியிருந்தது. அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. இடர்க் காலத்தில் நிவாரணம் முதலில் பிள்ளையைச் சேர வேண்டும் என்ற வாசகம் உள்ள ஐந்து அம்சப் பிரகடனத்தை எழுதினார். 1924இல், ஐ.நா.வுக்கு முன்னிருந்த சர்வதேச சங்கம் அதை ஏற்றது. 1989இல் வந்த சிறுவர் உரிமைகள் சமவாயத்துக்கு, இலங்கை 1991இல் உறுதிப்படுத்திய அதே சமவாயத்துக்கு, மூலவேர் அது. இன்றைக்கு உங்கள் ஊரில் பை கொடுப்பவர்கள், பிள்ளை பையைப் பிடித்து நிற்கும் படத்தோடு திருப்தியாகத் திரும்புகிறார்கள். அந்தச் சிறுமிக்கு மூன்று பைகள் கிடைத்ததும் அப்படித்தான். ஒரு நிறுவனம் கொடுத்த சப்பாத்துகள் எல்லாம் ஒரே அளவில் இருந்தன என்று நீ சொன்னபோது, என் கம்பளிச் சட்டைகள் ஞாபகத்துக்கு வந்து நான் வாயை மூடிக்கொண்டேன்.

பொருளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பட்டினி கிடக்கும் பிள்ளைக்குச் சோறுதான் மருந்து. மேற்கையின் சுற்றளவை அளக்கும் அந்த நிறப் பட்டியை நீ பார்த்திருப்பாய். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையான பிள்ளையின் கை 115 மில்லிமீற்றருக்குக் கீழே போனால் சிவப்பு, அது உயிராபத்து. அப்போது கொடுக்கும் நிலக்கடலைப் பசைப் பொட்டலம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 500 கலோரி. ஆனால் ஒரு பொட்டலத்தால் எந்தப் பிள்ளையும் தேறியதில்லை. கிழமைக்குக் கிழமை வந்து அளந்து, எடை பார்த்து, தாயிடம் பேசுகிற ஆள் வேண்டும். நம் குடும்பநல மாது திரிபோஷாச் சத்துமாப் பையோடு லயத்துக்கு லயம் ஏறி இறங்குவதைப் போல. போலியோ விடயமும் அப்படியே. யுத்தம் நடந்துகொண்டிருந்தபோதே, 1995 முதல், தடுப்பு மருந்து நாட்களில் இரு தரப்பும் துப்பாக்கியைக் கீழே வைக்க, வடக்கு கிழக்குப் பிள்ளைகளுக்கும் சொட்டு மருந்து கொடுத்தார்கள். குறித்த இடைவெளியில் இரண்டாம் முறையும், அடுத்த வருடமும் வந்தார்கள். இந்நாட்டில் 1993க்குப் பிறகு போலியோ நோயாளி இல்லை.

பிறகு பத்திரங்கள். இதை வெளியூர் உபகாரிகளுக்கு விளங்கவைப்பது கஷ்டம், நமக்கு விளங்கவைக்கத் தேவையே இல்லை. 1948இல் ஒரு சட்டம் நம் தாத்தாக்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் இரண்டு பேர் உட்கார்ந்து ஐந்தேகால் இலட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இங்கே என்று பங்கு பிரித்தார்கள். மிச்சக் கணக்கு 2003 சட்டம் வரை இழுபட்டது. ஆகவே தகரப் பெட்டியின் அடியில் காகிதம் பத்திரமாக இருக்கிறதா என்று பார்ப்பது நம் வீடுகளில் சாமி கும்பிடுவது மாதிரி. உன் அம்மா, யுத்தத்தின் கடைசிக் கட்டத்தில் மாத்தளனிலிருந்து வெளியே வரும்போது நகையை விட்டுவிட்டுப் பத்திரப் பையை எடுத்து வந்ததன் காரணம் அதுதான். அந்தச் சிறுமியும் அப்படியே செய்திருந்தாள். எடுத்துவர முடியாமற்போன பிள்ளைகள் எத்தனை பேர் உத்தேச வயதுச் சான்றிதழுக்காகப் பிரதேச செயலகத்துக்கு அலைந்தார்கள் என்று நீ எழுதியிருந்தாய். சாதாரண தரப் பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் நாளில்தான் இல்லாத காகிதத்தின் கனம் தெரியும். தாயின் பஸ் செலவையும் ஒரு நாள் கூலியையும் கொடுத்து, கூடவே போய் அலுவலகத்தில் உட்கார ஓர் ஆளை ஏற்பாடு செய்வது எவ்வளவு மலிவான உதவி!

வீடுகளைப் பற்றி நீ எழுதியது உண்மை. இந்திய அரசின் ஐம்பதாயிரம் வீட்டுத் திட்டத்தில் வீட்டுக்காரரே கட்டும் முறை நல்ல முறைதான். கொந்தராத்துக்காரன் கட்டிய வீட்டின் சாவியை வாங்குவதைவிட, அத்திவாரத்துக்கு இவ்வளவு, கூரைக்கு இவ்வளவு என்று தவணையாகப் பணம் பெற்றுத் தன் கையால் எழுப்பிய வீட்டில் மனிதன் வேறுவிதமாக நிமிர்ந்து நிற்கிறான். ஆனால் ஐந்தரை இலட்சம் என்று தொகை நிர்ணயித்தவர்கள், மணலும் சீமெந்தும் அந்த விலையிலேயே நிற்கும் என்று நம்பிவிட்டார்கள் போலும். உன் பக்கத்து வீட்டுப் பெண் சுவரை முடிக்கத் தாலிக்கொடியை அடகு வைத்து, கடனை அடைக்கக் குவைத்துக்குப் போனாள். வீடு முழுமையாயிற்று, அதற்குள் இரண்டு பிள்ளைகள் பாட்டியோடு. அதே திட்டத்தின் நாலாயிரம் வீடுகள் நம் மலைக்கும் வந்தன. ஏழு பேர்ச் காணியில் தனி வீடு கிடைத்த என் மாணவன், வாசலில் கறிவேப்பிலைக் கன்று நட்டுவிட்டு உறுதிப் பத்திரத்துக்காக நடந்துகொண்டிருக்கிறான்.

ஆகவே கனடாக்காரர்களுக்கு நீ எழுதும்போது இப்படி எழுது. கட்டடம் இருக்கிறது, ஓடு மாற்றினால் போதும். இருக்கும் இரண்டு ஆசிரியைகள் வேலையை விட்டுப் போகாமல் இருக்க, மாதாமாதம் கொடுப்பனவு, ஐந்து வருடத்துக்குக் குறையாமல், வங்கிக் கணக்கில் நேராக. யுத்தத்துக்குப் பின், பாதுகாப்பு அமைச்சின் கீழ் இருந்த சிவில் பாதுகாப்புத் திணைக்களம் உங்கள் மாவட்டத்திலும் முல்லைத்தீவிலும் முன்பள்ளிகளைப் பொறுப்பெடுத்து, மற்ற இடங்களைவிடப் பல மடங்கு சம்பளம் கொடுத்தபோது ஆசிரியைகள் எந்தப் பக்கம் போனார்கள் என்பது உனக்குத் தெரியும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, அவர்கள் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். காலையில் பிள்ளைகளுக்குக் கடலையும் பாலும். முகமாலைப் பக்கம் விறகுக்கோ விளையாடவோ போகிற பெரிய பிள்ளைகளுக்கு, மிதிவெடி அகற்றாத நிலத்தின் சிவப்பு மண்டையோட்டுப் பலகையைப் பற்றி வருடம் ஒருமுறையாவது மறுபடி சொல்லிக் கொடுக்க ஓர் ஏற்பாடு. பெயர்ப்பலகைதான் முக்கியம் என்றால், ஆசிரியைகளின் வரவுப் பதிவேட்டின் அட்டையில் பெற்றோரின் பெயரை அழகாக எழுதித் தருகிறேன் என்று சொல். என் கையெழுத்து இன்னும் கெட்டுப்போகவில்லை. அவர்கள் சம்மதிக்கமாட்டார்கள் என்று எனக்கும் தெரியும். சம்மதிக்காவிட்டால் கட்டடத்தில் ஒரு பங்கு, சம்பளத்தில் ஒரு பங்கு என்று பேரம் பேசு, மலையகத்தான் பேரத்தில் தோற்றதாகச் சரித்திரம் இல்லை. (சம்பள உயர்வுப் பேச்சுவார்த்தை தவிர.)

எதற்கும் முதலில் அந்த ஆசிரியைகளிடமும் தாய்மாரிடமும் என்ன வேண்டும் என்று கேள். நான் எழுதியதெல்லாம் கம்பளிச் சட்டைதானோ என்னவோ.

தைப்பொங்கலுக்குப் பிறகு மகளோடு ரயிலில் வர எண்ணம். பத்தனைக் கல்வியியற் கல்லூரியில் ஆசிரியைப் பயிற்சி முடித்தவள், உங்கள் முன்பள்ளியில் ஒரு கிழமை பாட்டுச் சொல்லிக் கொடுக்க ஆசைப்படுகிறாள். ஒரு கிழமையோடு திரும்பிவிடுபவள் வரலாமா என்பதையும் அந்த ஆசிரியைகளிடமே கேட்டு எழுது. தேயிலைத் தூள் இரண்டு கிலோ எடுத்து வருகிறேன், ஏற்றுமதிக்குப் போகிற ரகம். அந்தப் பச்சைச் சட்டை இன்னும் வீட்டில் இருந்தால் எனக்குக் காட்டு.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழன்