கடைசிப் பந்திக்கு முன்பே கூப்பிடுங்கள்

சென்னையின் கல்யாண மண்டப உரிமையாளர்களுக்கும், கேட்டரிங் காண்ட்ராக்டர்களுக்கும், ஹோட்டல், பேக்கரி முதலாளிகளுக்கும்,

வணக்கம்.

மீந்த சாப்பாட்டை எடுத்துப்போய்ப் பசித்தவர்களிடம் சேர்க்கும் தன்னார்வலர்களில் நானும் ஒருத்தி. முகூர்த்த நாள் இரவுகளில் உங்கள் மண்டபத்துப் பின்வாசலில் எங்களைப் பார்த்திருப்பீர்கள். உங்களில் பலர் மனசாரக் கொடுக்கிறீர்கள். அதற்கு நன்றி சொல்லிவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். உங்களிடமிருந்து வரும் போன் தாமதமாக வருகிறது. நல்ல சாப்பாடு குப்பையாவது அந்தத் தாமதத்தில்தான்.

ஒரு ரிசப்ஷனை எடுத்துக்கொள்வோம். ஏழரைக்குப் பந்தி ஆரம்பித்தால், ஒன்பது மணிக்கெல்லாம் எத்தனை இலை போயிருக்கிறது, வாசலில் இன்னும் எவ்வளவு கூட்டம் வருகிறது என்று சூப்பர்வைசருக்குத் தெரிந்துவிடும். ஐந்நூறு இலைக்குச் சமைத்து முந்நூற்றைம்பதில் நிற்கிறது என்றால் அப்போதே கணக்கு கையில் இருக்கிறது. ஆனாலும் 'இன்னும் ஆள் வரலாம்' என்று காத்திருக்கிறார்கள். அந்தக் கவலை நியாயமானது. பந்தியில் ஏதாவது ஒன்று இல்லையென்று ஆகிவிட்டால் சொந்தக்காரர்கள் வருஷக்கணக்கில் சொல்லிக்காட்டுவார்கள். அப்படியே பத்தரை ஆகிறது, பதினொன்று ஆகிறது. பாத்திரம் கழுவ உட்காரும் நேரத்தில் எங்களுக்கு போன். நாங்கள் வந்து ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது சாலையோரம் இருப்பவர்கள் தூங்கியிருப்பார்கள், வீடற்றோர் தங்குமிடங்களில் கேட் சாத்தியிருக்கும், சாம்பார் ஆறியிருக்கும்.

ஆறுவதுதான் பெரிய சிக்கல். சமைத்த உணவு 60 டிகிரிக்கு மேல் சூடாகவோ, 5 டிகிரிக்குக் கீழே குளிர்ச்சியாகவோ இருக்க வேண்டும். நடுவில் நின்றால் கிருமிகள் மளமளவென்று பெருகும். நம்ம ஊர் வெக்கையில் கேட்கவே வேண்டாம். உங்கள் மாஸ்டர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. தேங்காய் அரைத்துவிட்ட கூட்டும் சட்னியும் முதலில் போகும், அப்புறம் சாம்பார். புளியோதரை தாங்கும். தம் போட்ட பிரியாணியைத் திறக்காமல் வைத்தால் சூடு வெகுநேரம் நிற்கும்.

வடபழனிப் பக்கம் ஒரு மாஸ்டர் இருக்கிறார். கூட்டம் மெலிவது தெரிந்ததும் கடைசி அண்டாவைப் பந்திக்கு அனுப்பாமல் அடுப்படியிலேயே நிறுத்திவிடுவார். மூடியைச் சுற்றித் துணியை இறுகக் கட்டி, அடியில் கொஞ்சம் தணல் மட்டும் இருக்க விடுவார். கூட்டம் வந்தால் அது பந்திக்குப் போகும், வராவிட்டால் எங்களுக்கு. 'பத்து மணிக்கு வண்டியோட நில்லுங்கம்மா, இருந்தா தரேன், இல்லேன்னா கோச்சுக்காதீங்க' என்று முன்கூட்டியே போனில் சொல்லிவிடுவார். வெறுங்கையோடு திரும்பிய இரவுகளும் உண்டு. அதில் எங்களுக்கு வருத்தமே இல்லை. கிடைக்கும் நாளில் கரண்டி படாத, சூடு குறையாத சாப்பாடு கிடைக்கிறது. நான் உங்கள் எல்லோரிடமும் கேட்பது இந்த ஒரு பழக்கத்தைத்தான்.

இதற்குக் குறுக்கே நிற்பவை சின்ன விஷயங்கள். முதலில் பாத்திரம். அண்டாவும் குண்டானும் வாடகைக் கடையிலிருந்து எண்ணி வாங்கி வந்தவை, ஒன்று குறைந்தாலும் காண்ட்ராக்டர் கையிலிருந்து காசு போகும். அதனால் 'பாத்திரத்தைத் தர முடியாது' என்கிறார்கள், சரிதான். எங்களைப் போன்றவர்களின் மூடி போட்ட எவர்சில்வர் டிரம் இரண்டை மண்டபத்து ஸ்டோர் ரூமிலேயே வைக்க இடம் கொடுங்கள். மாற்றி ஊற்றும் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அடுத்தது அனுமதி. சாப்பாடு கல்யாண வீட்டாருடையது, காண்ட்ராக்டர் தன்னிஷ்டத்துக்குக் கொடுக்க முடியாது. 'பார்ட்டியைக் கேட்கணும்' என்பார். அந்த நேரத்தில் பெண்ணின் அப்பா மேடையில் போட்டோவுக்கு நின்றுகொண்டிருப்பார். அவரைக் கூப்பிட்டு மீந்த சாம்பாரைப் பற்றிப் பேச யாருக்குத்தான் மனம் வரும்? இதை அட்வான்ஸ் வாங்கும் அன்றே கேட்டுவிடலாம். புக்கிங் படிவத்தில் ஒரே ஒரு வரி போதும்: பரிமாறாத உணவு மிஞ்சினால் பசித்தவர்களுக்குக் கொடுக்கச் சம்மதமா? கல்யாணப் பேச்சு நடக்கும் நேரத்தில் அதற்கு இல்லை என்று சொல்பவர் அபூர்வம்.

மூன்றாவது, பயம். யாருக்காவது வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனால் நம் பெயர் கெட்டுவிடுமே என்ற பயம். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இதற்கென்றே இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2019-இல் உபரி உணவை மீட்டுப் பகிர்வதற்கான தனி ஒழுங்குமுறையைக் கொண்டுவந்தது. உணவை வாங்கிப் பகிரும் அமைப்பு பதிவு செய்திருக்க வேண்டும், என்ன வாங்கினோம், எங்கே கொடுத்தோம் என்று கணக்கு வைத்திருக்க வேண்டும். கொடுப்பவர் உணவின் பெயர், சமைத்த தேதி, சைவமா அசைவமா என்பதை எழுதி ஒட்டித் தர வேண்டும். ஆகவே யார் வந்து கேட்டாலும் பதிவைக் காட்டச் சொல்லுங்கள், எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இலையில் வைத்து மிஞ்சியதையும், பஃபேயில் பலர் கரண்டி போட்டுக் கிளறியதையும் தயவுசெய்து கொடுக்காதீர்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கத் தயங்கும் எதுவும் எங்கள் டிரம்முக்குள் வரக்கூடாது.

சாப்பிடுபவர்கள் யார் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையிலும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் நோயாளியோடு துணைக்கு வந்து நடைபாதையில் பாயை விரித்துப் படுத்திருப்பவர்கள் பலர். விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்திருப்பார்கள், ஊரில் வீடும் வேலையும் உள்ளவர்கள். நோயாளிக்கு வார்டில் சாப்பாடு வந்துவிடும். துணைக்கு வந்தவர் கையிலிருக்கும் காசை மருந்துக்கும் பஸ்ஸுக்கும் ஒதுக்கிவிட்டு, ஒரு டீயோடு ராத்திரியை ஓட்டுவார். அவர் தட்டை நீட்டும்போது யாரும் போட்டோ எடுக்கக்கூடாது. உங்கள் நிறுவனத்தின் பெயர் போட்ட பேனர் வேண்டும் என்றால் அதை வேறெங்காவது கட்டிக்கொள்ளலாம், அங்கே வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாத்திரம் கழுவும் பெண்களும் பந்தி பரிமாறும் பையன்களும் வீட்டுக்குச் சாப்பாடு எடுத்துப்போவது பல மண்டபங்களில் வழக்கம். அவர்களுக்குப் போக மிஞ்சியதைத்தான் நாங்கள் கேட்கிறோம். எங்களுக்குக் கொடுப்பதற்காக அவர்கள் தூக்குவாளியில் கை வைக்காதீர்கள்.

பேக்கரிக்காரர்களுக்கு வேலை இன்னும் சுலபம். பன்னும் ரொட்டியும் ராத்திரி தாண்டியும் தாங்கும், காலையில் வந்து எடுத்துக்கொள்கிறோம். ஓ.எம்.ஆர். கம்பெனி கேன்டீன்களில் பகல் சாப்பாடே நிறைய மிஞ்சுகிறது, பகலில் கொடுக்க இடம் தேடி அலைய வேண்டியதில்லை. சூப்பர் மார்க்கெட்டுகள் விஷயத்தில் பிரான்ஸ் 2016-இல் சட்டமே போட்டது: 400 சதுர மீட்டருக்கு மேலுள்ள கடைகள் விற்காத நல்ல உணவைத் தொண்டு அமைப்புகளுக்குக் கொடுக்க ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். இங்கே சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டுமா என்ன?

ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் கணக்குப்படி 2022-இல் உலகம் வீணடித்த உணவு 105 கோடி டன். அதில் 29 கோடி டன் ஹோட்டல், கேட்டரிங் போன்ற உணவுத் தொழில்களிலிருந்து வந்தது. சென்னையின் பங்கில் பெரும்பகுதி கொடுங்கையூர், பெருங்குடி குப்பைக் கிடங்குகளுக்குப் போய், அழுகி, மீத்தேன் வாயுவாகிறது. அந்தக் கிடங்குகளின் காற்றைச் சுவாசிப்பவர்களும் இந்த ஊர்க்காரர்கள்தான்.

ஆடியில் மண்டபங்கள் ஓய்ந்திருக்கும். ஆவணி முகூர்த்தத்துக்குப் புது படிவம் அச்சடிக்கும்போது அந்த ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள். ஸ்டோர் ரூமில் டிரம் வைக்க ஒரு மூலையை ஒதுக்குங்கள். ஒன்பது மணிக்கு யார் போன் செய்வது என்று ஒருவரைக் குறித்துவையுங்கள். ராத்திரி எந்நேரமானாலும் நாங்கள் வருகிறோம், சூடாக இருக்கும்போதே கூப்பிட்டால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் பின்வாசலில் நிற்பவர்களில் ஒருத்தி