பேட்டரியா, வேகமா: பாப்பாவுக்கு

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். லேப்டாப் விஷயமாக நீ கேட்டதற்குப் போனிலேயே ஏதோ ஒரு பதில் சொல்லிவிட்டு வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு லட்ச ரூபாய்க்குக் கிட்ட வரும் சாமான். உன் ஆராய்ச்சி முடியும்வரை கூடவே இருக்க வேண்டியது. நிதானமாகப் படி.

நீ அனுப்பிய ரெண்டு லேப்டாப் மாடலில் முதலாவதை வாங்கு, 1.2 கிலோ இருப்பதை. திரையில் படம் வரைவதற்கென்று தனி கிராஃபிக்ஸ் கார்டு போட்ட அந்த ரெண்டாவது உனக்கு வேண்டாம்.

பேட்டரி முக்கியமா, வேகம் முக்கியமா என்று கேட்டிருந்தாய். எஸ்.பி. ரோடு கம்ப்யூட்டர் மார்க்கெட்டில் இத்தனை வருஷமாக மிஷின்களைத் திறந்து பார்த்தவன் சொல்கிறேன். பேட்டரிக்கும் இடம் வேண்டும், சிபியு, அதாவது கணக்கெல்லாம் போடும் மெயின் சிப், அதன் சூடு வெளியேறவும் இடம் வேண்டும். உடம்பை ஒல்லியாக்கினால் ரெண்டு இடமும் சேர்ந்துதான் குறைகிறது. நீ பார்த்த ரெண்டாவது மாடலில் இருப்பது எச் வகை சிபியு, வேகத்துக்கென்றே செய்தது. கணக்குக்கு 45 வாட், கொஞ்ச நேரத்துக்கு அதைவிட எவ்வளவோ மேலே போகும். அந்த மெல்லிய உடம்பில் சின்ன ஃபேன் எவ்வளவு சூட்டைத் தள்ளும்? சில நிமிஷம் பறக்கும், பிறகு சூடு தாங்காமல் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். உன் சேட்டிலைட் படங்கள் மணிக்கணக்கில் ஓடுகிறவை. காசு கொடுத்து வாங்கிய வேகம் முதல் சில நிமிஷத்தோடு போய்விடும். 2020-ல் ஆப்பிளின் எம்1 சிப் வந்ததிலிருந்து அவர்களுடைய மேக்புக் ஏர் லேப்டாப்பில் ஃபேனே கிடையாது. அருமையான மிஷின்தான், ஆனால் நீளமான வேலையில் அதுவும் இப்படித்தான் இறங்கி வரும்.

இன்னொன்று. கியூஜிஐஎஸ் என்ற அந்த மேப் சாஃப்ட்வேரில் நீ செய்யும் கணக்கில் பெரும்பகுதி சிபியுவும், வேலை நடக்கும்போது தகவலை வைத்துக்கொள்ளும் ரேமும் செய்கிறவை. தனி கிராஃபிக்ஸ் கார்டு அங்கே பெரும்பாலும் சும்மா உட்கார்ந்திருக்கும், எடையும் சூடும்தான் மிச்சம். சேட்டிலைட் படங்களை இணையத்திலேயே அலசும் கூகுள் எர்த் எஞ்சினில் செய்தால் கணக்கு அவர்கள் சர்வரிலேயே நடந்துவிடுகிறது. ராத்திரி முழுக்க ஓட வேண்டியதை உங்கள் டிபார்ட்மென்ட் லேபில் இருக்கும் டெஸ்க்டாப்பில் ஏற்றிவிட்டு ரூமுக்கு வந்துவிடு. கனமான வேலையெல்லாம் பிளக் பாயின்ட் பக்கத்தில்தான் நடக்கிறது. பிளக் இல்லாத இடத்தில் நீ என்ன செய்கிறாய்? குறிப்பு எழுதுகிறாய், சேட்டிலைட் படத்தைத் திறந்து பார்க்கிறாய், அன்றைய அளவுகளை ஏற்றுகிறாய். அதற்கு வேண்டியது பேட்டரி.

பெட்டியில் "20 மணி நேரம்" என்று போட்டிருப்பதை அப்படியே நம்பாதே. அது பெரும்பாலும் வெளிச்சத்தைக் குறைத்து வைத்து ஒரே வீடியோவை ஓடவிட்டு எடுத்த கணக்கு. வீடியோவுக்கென்று சிப்பில் தனிப் பகுதி உண்டு, அது ஓடும்போது மற்றதெல்லாம் ஓய்வில் இருக்கும். உன் கணக்கை நீயே போடு. பேட்டரி எத்தனை வாட் அவர், அதாவது அதில் எவ்வளவு கரண்ட் அடங்கும் என்று பார், உன் வேலை எத்தனை வாட் இழுக்கும் என்பதால் வகுத்துவிடு. 60 வாட் அவர் பேட்டரி, எழுத்து வேலைக்கு 6 வாட் போனால் 10 மணி நேரம். அதே பேட்டரியில் 40 வாட் இழுக்கும் வேலையை ஓட்டினால் ஒன்றரை மணி நேரம்தான். திரையையும் சேர்த்துப் பார். மிக நுணுக்கமான 4கே திரை, நொடிக்கு 120 தடவை படம் மாறும் 120 ஹெர்ட்ஸ் எல்லாம் கண்ணுக்கு நன்றாக இருக்கும், பேட்டரியைத் தின்னும். சாதாரணத் தெளிவுள்ள திரை போதும் உனக்கு.

ரேம் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதே, கண்ணு. நீ பார்த்த முதல் மாடலில் இருப்பது 2024-ல் வந்த இன்டெல் கோர் அல்ட்ரா 200வி வரிசை சிபியு. அதில் ரேமை சிபியுவோடு ஒரே பொட்டலமாக வைத்துவிட்டார்கள். கரண்ட் மிச்சமாகிறது, ஆனால் பின்னால் ஒரு ஜிபிகூட ஏற்ற முடியாது. நம்ம கடையில் என்னாலும் முடியாது. சிபியு நம்பரைப் பார்த்தே எவ்வளவு ரேம் என்று கண்டுபிடிக்கலாம்: 256வி என்றால் 16 ஜிபி, 258வி என்றால் 32. விற்கிறவன் "ரெண்டும் ஒண்ணுதான் மேடம்" என்பான். நீ 258 கேள். விலை கூடும்தான், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் சிநேகிதி சொன்ன ஸ்னாப்டிராகன் சிப் போட்ட மிஷினும் பேட்டரியில் நல்ல பேர் வாங்கியிருக்கிறது. ஆனால் அது ஆர்ம் சிப், இன்டெல் சிப்பிலிருந்து வேறு வகை. பழைய சாஃப்ட்வேரை அது ஒருவாறு ஓட்டிவிடும், டிரைவரை, அதாவது ஒரு கருவியை மிஷினோடு பேசவைக்கும் புரோகிராமை, ஓட்டாது. டிரைவர் ஆர்முக்கென்றே எழுதியிருக்க வேண்டும். நீ கையில் எடுத்துப்போகும் அந்த ஜிபிஎஸ் கருவிக்கு அப்படி ஒன்று இருக்கிறதா என்று பார்க்காமல் அந்தப் பக்கமே போகாதே. இமாச்சல் மலையில் ஸ்பிட்டியில் போய் உட்கார்ந்த பிறகு கருவி கனெக்ட் ஆகவில்லை என்றால் என்ன செய்வாய்?

ஸ்பிட்டி என்றதும்தான் ஞாபகம் வருகிறது. குளிரில் லித்தியம் பேட்டரி சீக்கிரம் இறங்கும், அது பழுதில்லை. ஆனால் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் போட்டால் நிஜமாகவே கெட்டுப்போகும். ராத்திரி கம்பளிக்குள் வைத்துக்கொள், அறை கொஞ்சம் சூடான பிறகு சார்ஜ் போடு. டெல்லியில் நாள் முழுக்கப் பிளக்கில் இருக்கும்போது 80 சதவீதத்தோடு நிறுத்தும் செட்டிங்கைப் போட்டு வை. எப்போதும் முழு சார்ஜிலும் சூட்டிலும் இருந்த பேட்டரிதான் உப்பிப்போய் டச்பேடை மேலே தள்ளிக்கொண்டு என் மேஜைக்கு வருகிறது.

டெல்லி நேரு பிளேஸ் கம்ப்யூட்டர் மார்க்கெட்டில் வாங்குவதாக இருந்தால் பகலில் போ, தனியாகப் போகாதே. பெட்டியை உன் கண்முன்னால் பிரிக்கச் சொல். விண்டோஸில் பேட்டரி ரிப்போர்ட் எடுக்கலாம், எப்படி என்று வாட்ஸ்அப்பில் வாய்ஸ் போட்டிருக்கிறேன். அதில் டிசைன் கெப்பாசிட்டியும் (புதிதில் இருக்க வேண்டிய அளவு) ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டியும் (இப்போது ஏறும் அளவு) ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ரொம்பக் குறைந்திருந்தால் யாரோ ஓட்டிய மிஷின், வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடு. சார்ஜர் 65 வாட் டைப்-சி ஆக இருக்கட்டும், ஒன்று தொலைந்தாலும் வேறு எங்கேயும் கிடைக்கும்.

பில்லில் சீரியல் நம்பர் எழுதி வாங்கு. பணம் கொடுப்பதற்கு முன்னால் அடிப்பக்க ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு, கடையில் கூட்டமிருந்தாலும் உடனே பார்த்துச் சொல்கிறேன். பணத்தை அம்மா திங்கட்கிழமை உன் கணக்கில் போட்டுவிடுவாள். கம்பளி சாக்ஸும் சேர்த்து வாங்கிக்கொள் என்று சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா