யாழினிக்குக் கினிப் பன்றி வாங்கும் முன்

பீடோர், பேராக், மலேசியா
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்பு மகள் கலைவாணிக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்றிரவு யாழினி தொலைபேசியில், "தாத்தா, அம்மா எனக்குக் கினிப் பன்றி வாங்கித் தரப்போறாங்க" என்று கத்தியபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையின் பொருள் உனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பினால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்று எனக்கே தெரியும்.

1997 டிசம்பர் விடுமுறையில் டவுன் கடை ஒன்றில் நாம் வாங்கிய இரண்டு கினிப் பன்றிகளையும் நீ மறந்திருக்க மாட்டாய். உனக்கு அப்போது ஒன்பது வயது. கூண்டில் ஆறு இருந்தன. கடைக்காரர் கையை விட்டதும் ஐந்து ஓடி ஒளிந்தன. வெள்ளை நிறத்தில் ஒன்று மட்டும் முடியைச் சிலிர்த்துக்கொண்டு மூலையிலேயே குந்தியிருந்தது. "இதுதான்பா சாது" என்றாய் நீ. அதன் மூக்கு நுனியில் ஈரம் பளபளத்ததை நான் பார்த்தேன். பார்த்தும் பணத்தை எடுத்துக் கொடுத்தேன். அதற்குப் பஞ்சு என்றும், துணைக்கு எடுத்ததற்குக் கருப்பி என்றும் பெயர் வைத்தாய்.

மூன்றாவது வாரம் பஞ்சு தும்மத் தொடங்கியது. இருமல், சளி என்று நாளைக்கு இருபது பேர் வந்து நிற்கும் தோட்ட மருந்தகத்தின் மருத்துவ உதவியாளர், டிரெசர் நான். ஒரு கைப்பிடி உயிருக்கு மருந்து கொடுக்கத் தெரியாதா என்ற நினைப்பு எனக்கு. அலமாரியிலிருந்து அமோக்சிசிலின் குளிகை ஒன்றைப் பிரித்து, ஊசி முனையளவு எடுத்து, சர்க்கரைத் தண்ணீரில் கரைத்து இரண்டு நாள் வாயில் ஊற்றினேன். மூன்றாம் நாள் அதற்கு வயிற்றுப்போக்கு கண்டது. நான்காம் நாள் விடியும் முன் செத்துவிட்டது. மழைக் குளிர் தாங்கவில்லை என்று உன்னிடம் சொன்னேன். ஈப்போவில் ஒரு கால்நடை மருத்துவரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொல்லப்போய்த்தான், பென்சிலின் வகை மருந்துகளை வாய்வழி கொடுத்தால் கினிப் பன்றியின் குடலில் புல்லைச் செரிக்க உதவும் நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து, கெட்டவை பெருகி, அவற்றின் நஞ்சே அதைக் கொன்றுவிடும் என்று பல வருடங்கள் கழித்துத் தெரிந்துகொண்டேன். தும்மலோடு விட்டிருந்தால் பிழைத்திருக்குமோ என்னவோ. நான் கொடுத்த மருந்துக்குப் பிறகு அந்த வாய்ப்பும் இல்லாமல் போயிற்று. உன் அம்மாவுக்கு இது தெரியும். உனக்குச் சொல்ல எனக்கு இத்தனை வருடங்கள் ஆகிவிட்டன.

ஆகவே, கடைக்குப் போகும் முன் உன் வட்டாரத்தில் முயல், கினிப் பன்றி போன்ற சிறு பிராணிகளைப் பார்க்கும் மருத்துவர் யார் என்று விசாரித்து வைத்துக்கொள். நாய், பூனை பார்க்கிறவர்கள் எல்லோரும் இவற்றைப் பார்ப்பதில்லை. இந்தப் பிராணி மற்ற மிருகங்களுக்கு இரையாகவே வாழ்ந்து பழகியது. நோய் வந்தால் கடைசிவரை மறைக்கும். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தால் குடல் அசைவே நின்றுவிடக்கூடும். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட முடியாது. வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்துக் குறித்து வை. கண்ணுக்குத் தெரியாத மெலிவு எண்ணில் தெரியும். தோட்டத்துக் குழந்தைகள் அத்தனை பேரையும் தொட்டித் தராசில் போட்டு மாதந்தோறும் அட்டையில் எடை எழுதிய எனக்கு, பஞ்சுவை ஒருமுறைகூட அதில் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

இனிக் கடையில் என்ன பார்ப்பது என்று சொல்கிறேன். முதலில் எதையும் தொடாமல் கூண்டின் முன் பத்து நிமிடம் சும்மா நில். மனிதக் கையைக் கண்டு ஓடுவது நல்ல அறிகுறி. ஓடாமல் உட்கார்ந்திருப்பதைச் சாது என்று எண்ணாதே. யாழினி உன்னைப் போலவே மூலையில் இருப்பதைத்தான் கேட்பாள். அவளை அழவிட்டாலும் பரவாயில்லை, அதை வாங்காதே. ஒன்றுக்குச் சளி இருந்தால் அதே கூண்டில் இருக்கும் மற்றவையும் சந்தேகத்துக்கு உரியவைதான். வேறு கடை பார்.

பிறகு கையில் எடுத்துத் தரச் சொல். ஒரு கை நெஞ்சுக்கு அடியிலும் ஒரு கை பின்புறத்துக்கு அடியிலும் இருக்க வேண்டும். கண்ணில் பீளையோ மூக்கில் ஈரமோ இருக்கக் கூடாது. காதோடு வைத்துக் கேள். மூச்சில் கொரகொரப்போ சொடுக்கும் ஓசையோ கேட்கக் கூடாது. உதட்டை மெல்ல விலக்கினால் முன்பற்கள் மேலும் கீழும் நேராகச் சந்திக்க வேண்டும், ஏனென்றால் அவை வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பவை, கோணலாக இருந்தால் தேயாமல் நீண்டு வாயை மூட விடாது. முகவாய் நனைந்திருந்தால் கடைவாய்ப் பல்லில் கோளாறு இருக்கலாம். முடியைப் பிரித்துத் தோலைப் பார். சொரசொரப்பும் திட்டுத் திட்டான வழுக்கையும் பேன், உண்ணிக்கு அடையாளம். பின்புறம் காய்ந்து சுத்தமாக இருக்க வேண்டும். பாதத்தின் அடியைத் திருப்பிப் பார்க்க மறந்துவிடாதே: கம்பித் தரையில் நின்று நின்று சிவந்து புண்ணான பாதம் ஆறுவதற்குப் பல மாதங்கள் பிடிக்கும்.

ஒன்றை மட்டும் வாங்காதே. கூட்டமாக வாழும் பிராணி அது; சுவிட்சர்லாந்தில் தனியாக ஒன்றை வளர்ப்பதைச் சட்டமே அனுமதிப்பதில்லை. ஆனால் இரண்டும் பெண் என்று கடைக்காரர் சொன்னால் அப்படியே நம்பிவிடாதே. நமக்கும் இரண்டும் பெண் என்றுதான் சொன்னார்கள். பஞ்சு போய் ஆறு வாரத்தில் கருப்பி மூன்று குட்டி போட்டபோது, தோட்டத்தில் பாதிப் பேருக்குப் பிரசவம் பார்த்த டிரெசர் வீட்டிலேயே கர்ப்பம் தெரியவில்லையா என்று தொழிலாளர் குடியிருப்பான லயமே சிரித்தது. அவற்றின் சினைக்காலம் 59 முதல் 72 நாள். குட்டிகள் முடியோடும் திறந்த கண்ணோடும் பிறந்து, அன்றே ஓடியாடும். குட்டி போட்ட சில மணி நேரத்திலேயே தாய் மறுபடி சினைப்படக்கூடும். ஆண் குட்டியையும் மூன்று வாரத்தில் தாயிடமிருந்து பிரிக்க வேண்டும். ஏழெட்டு மாதம் ஆன பெண் முதல்முறையாகச் சினைப்பட்டால் இடுப்பெலும்பு இறுகிப்போயிருப்பதால் உயிருக்கே ஆபத்து. ஆகவே வாங்கிய அன்றே மருத்துவரிடம் காட்டி ஆணா பெண்ணா என்று உறுதி செய்துகொள். வளர்க்க இயலாமல் கொடுத்துவிட நினைக்கும் வீடுகளிலிருந்து ஏற்கெனவே ஒட்டிப் பழகிய சோடியாகக் கிடைத்தால், கடையைவிட அதுவே மேல். முயலோடு ஒரே கூண்டில் விடுவது மட்டும் வேண்டாம். முயலின் உதையும் ஆபத்து, அதற்கு ஒன்றும் செய்யாத சில கிருமிகள் இதற்குச் சளிக் காய்ச்சலைக் கொண்டுவரும்.

சாப்பாட்டைப் பற்றி நீயே நிறையப் படித்திருப்பாய். காய்ந்த புல்தான் பிரதானம், எந்நேரமும் இருக்க வேண்டும். வைட்டமின் சி பற்றி மட்டும் நான் சொல்கிறேன், அது என் தொழிலைத் தொட்ட விஷயம். நம்மைப் போலவே அதன் உடலும் அதைத் தானாக உண்டாக்கிக்கொள்ளாது. 1907இல் நார்வேயில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்ற இருவர் பெரிபெரி என்ற சத்துக்குறைவு நோயை ஆராய்வதற்காக இவற்றுக்குத் தானியம் மட்டுமே கொடுத்து வைத்தபோது, எதிர்பார்த்த பெரிபெரி வராமல், வைட்டமின் சி குறைவால் வந்து கப்பல் மாலுமிகளைக் கொன்ற ஸ்கர்வி நோய் வந்து நின்றது. அந்த நோயின் காரணம் பிடிபட இந்தப் பிராணிதான் வழிகாட்டியது. ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வேண்டும். முயல் தீவனத்தில் அது சேர்க்கப்படுவதில்லை. கினிப் பன்றிக்கென்று விற்பதிலும் பை பழசாகப் பழசாகக் குறைந்துவிடும். குடமிளகாய் நல்லது. நம் பீடோர் கொய்யாவில் பத்து கிராம் துண்டு ஒன்றே இருபது மில்லிகிராமுக்குக் குறையாமல் தரும். இனிப்பு இருப்பதால் அதற்கு மேல் வேண்டாம். கருப்பிக்குக் கங்கோங் கீரை நறுக்கும் கத்தி பலகையில் படும் ஓசை கேட்டாலே போதும், "வீக் வீக்" என்று வீட்டையே தூக்கிவிடும், நினைவிருக்கிறதா?

ஆனால் புல் வேண்டுமென்று சாலையோரத்திலோ செம்பனைக்கு அடியிலோ அறுத்துக் கொடுக்காதே. பாராகுவாட் என்ற களைக்கொல்லி 2020 சனவரியிலிருந்து நாட்டில் தடை செய்யப்பட்டிருந்தாலும் மற்றவற்றை அடிப்பது நிற்கவில்லை. எந்தப் புல்லில் எது விழுந்தது என்று பார்த்துச் சொல்ல முடியாது.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது உன் வீட்டு வெப்பம்தான். இவற்றின் பூர்வீகம் தென் அமெரிக்காவின் அண்டீஸ் மலைப் பக்கம். மலாய்க்காரர்கள் 'தீக்குஸ் பெலண்டா', ஒல்லாந்து எலி என்கிறார்கள். நம் பழைய ஆட்கள் சீமை எலி என்பார்கள். கினி நாட்டுக்கும் பன்றிக்கும்கூட அதோடு ஒரு சம்பந்தமும் இல்லை. அதற்கு வியர்க்காது. 18 முதல் 24 டிகிரி வரை சுகமாக இருக்கும். 27ஐத் தாண்டினால் தவிக்கத் தொடங்கும். 30க்கு மேல், காற்றோட்டமும் இல்லையென்றால் வெப்பத் தாக்குதலில் சில மணி நேரத்தில் செத்துவிடக்கூடும். நீயும் மாப்பிள்ளையும் காலை ஏழுக்குக் கதவைப் பூட்டிப் போனால் மாலை ஆறுக்குத்தான் வருகிறீர்கள். உங்கள் பால்கனி மேற்குப் பார்த்தது, அங்கே கூண்டு வைக்கும் பேச்சே வேண்டாம். உள்ளே நிழலான மூலையில், நான்கடிக்கு இரண்டடியாவது சமதரை இருக்கும் இடமாகப் பார். படுக்க வழுவழுப்பான ஓடு ஒன்றும், தண்ணீரை உறைய வைத்துத் துணி சுற்றிய பாட்டில் ஒன்றும் போடலாம். அதுவும் மூன்று நான்கு மணி நேரத்துக்குத்தான் தாங்கும். நீள முடி தொங்கும் பெருவியன் வகையை யாழினி கேட்டாலும் வேண்டாம். குட்டை முடிதான் நம் ஊருக்கு ஏற்றது. உங்கள் கொண்டோ அடுக்குமாடி நிர்வாகம் அனுமதிக்கிறதா என்றும் கேட்டுவிடு.

ஐந்து முதல் எட்டு வருடம் உயிரோடு இருக்கும் பிராணி. இப்போது ஏழு வயதாகும் யாழினி இடைநிலைப் பள்ளியில் படிவம் இரண்டுக்குப் போகும்போதும் அது இருக்கலாம். அப்போது அவளுக்கு வேறு ஆசைகள் வந்திருக்கும். கூண்டைக் கழுவப்போவது நீதான் என்று தெரிந்தே வாங்கு.

இந்த வாரம் ஒரு வேலை செய். சிறிய வெப்பமானி ஒன்றை வாங்கி, கூண்டு வைக்கலாம் என்று நினைக்கும் மூலையில் தரையோடு வை. அதிகபட்ச வெப்பத்தைக் குறித்து வைக்கும் வகை கிடைக்கும். திங்கள் முதல் வெள்ளி வரை, சன்னல்களை நீ வழக்கமாக மூடிப் போவது போலவே மூடிவிட்டுப் போ. மாலை வந்ததும் எண்ணை எழுதி எனக்கு அனுப்பு. சனிக்கிழமை உன் அம்மாவோடு கொய்யா எடுத்துக்கொண்டு வருகிறேன்; எண்கள் சரியாக இருந்தால் எல்லோருமாகக் கடைக்குப் போவோம். யாழினியிடம் பஞ்சுவைப் பற்றி நானே சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா