மெழுகுவத்தி தீர்ந்த பிறகு

கோத்தகிரி,
ஞாயிறு இரவு

அன்புள்ள கண்ணு,

நீ போனில் சொன்னதில் பாதி புரிந்தது, பாதி காற்றோடு போய்விட்டது. இரண்டு நாளாக மழை. மாடிப்படியில் நின்றால்தான் சிக்னல் கிடைக்கிறது, அங்கே நின்றால் நனைந்துபோகிறேன். அதனால் எழுதிவிடுகிறேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது என்பது கூடுதல் வசதி.

புரிந்த பாதி இது. உங்கள் ஸ்டுடியோவுக்கு ஒரு விலங்குக் கதைத் தொடரைப் படமாக்கும் வேலை வந்திருக்கிறது. முதல் பகுதிக்கு ஸ்டோரிபோர்டு வரைவது நீ. புத்தகத்தின் பெயரைப் பெற்ற அப்பனிடம்கூடச் சொல்லக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். சொல்ல வேண்டாம். ஆனால், "அந்த ரெட்வால் கதையை எப்படிச் சொன்னீர்கள் அப்பா, எனக்கு ஏன் அது இன்னும் மறக்கவில்லை?" என்று கேட்டாய் அல்லவா? அதற்குப் பதில் மாடிப்படியில் நின்று சொல்லி முடிகிற காரியமில்லை.

நான் சொன்ன விதத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. தேயிலை ஃபாக்டரியில் கணக்கு எழுதியவனுக்கு அந்தச் சாமர்த்தியம் எங்கிருந்து வரும்? ரெட்வால் என்ற மடத்தில் வாழும் சுண்டெலிகளின் கதை, பழைய பேப்பர் கடையில் எடை போட்டு வாங்கி வந்த ஆங்கிலப் புத்தகங்கள் அவை. மூன்றுதான் கிடைத்தன. ஒன்றில் கடைசிப் பத்துப் பக்கம் இல்லை. அந்த முடிவு நான் கட்டிவிட்டது. இதை இத்தனை வருடம் உன்னிடம் மறைத்து வைத்திருந்தேன்.

2009 நவம்பரை நினைத்துப் பார். உனக்கு ஒன்பது வயது. கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மலை முழுக்க மண் சரிந்து நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள். நமக்கு வீடு தப்பியது. கரண்ட்டும் ரோடும் போயின. மெழுகுவத்தி இருந்தவரை புத்தகத்தைப் பார்த்துத் தமிழில் சொன்னேன். மூன்றாம் நாள் மெழுகுவத்தி தீர்ந்தது. பிறகு நினைவில் இருந்ததை இருட்டில் சொன்னேன். நீ ஒரு பக்கம், அப்பத்தா ஒரு பக்கம், ஒரே கம்பளி. அப்பத்தாவுக்கு அதற்கு முன்பே இரண்டு கண்ணும் போயிருந்தன. மெழுகுவத்தி அணைந்தது நம் இரண்டு பேருக்குத்தான் செய்தி. அவர் பாட்டுக்கு, "நிறுத்தாதே, அப்புறம்?" என்றார்.

மடத்தைப் பிடிக்க வந்த எலிக் கொள்ளைத் தலைவன் க்ளூனியின் வால் நினைவிருக்கிறதா? நுனியில் விஷ முள் கட்டிய நீண்ட வால், சாட்டை மாதிரி. அதைச் சொல்லும்போது என் தோல் பெல்ட்டைக் கழற்றிக் கதவில் ஒரு அடி அடித்தேன். நீ அலறினாய். அப்பத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு, "வந்துவிட்டானா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்றும் என் காதில் இருக்கிறது. வீட்டுக்குள் ஒருவன் நுழைந்துவிட்டான் என்றுதான் அவர் உண்மையில் நினைத்தார்.

இரண்டு வருடம் கழித்துக் கம்ப்யூட்டர் சென்டரில் அந்தக் கதையின் கார்ட்டூனைப் பார்த்தோம். கனடாக்காரர்கள் 1999-ல் தொடங்கி மூன்று பருவம், 39 பகுதி எடுத்தது. மோசம் என்று சொல்ல மாட்டேன், மரியாதையாகத்தான் எடுத்திருந்தார்கள். ஆனால் க்ளூனி திரையில் வந்ததும் நீ சொன்னது, "இது வெறும் எலி." பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாய். நம் மடத்தை யாரோ இடித்துவிட்டு வேறு கட்டடம் கட்டிய மாதிரி இருக்கிறது என்றாய். அதை நான் மறக்கவில்லை, நீயும் மறக்காதே. நீ வரையப்போகிற ஒவ்வொரு படமும் ஏதோ ஒரு பிள்ளையின் மடத்தை இடிக்கப்போகிறது. அதைத் தவிர்க்க வழியில்லை. இடிக்கிற கை கொஞ்சம் கூச்சத்தோடு இடிக்கட்டும்.

அந்தக் கதைகளை எழுதிய பிரையன் ஜேக்ஸ் 2011-ல் இறந்தார். அப்போது வந்த செய்தியில்தான் அவர் யாரென்று படித்தேன். லிவர்பூலில் பால் போட்டவர். ராயல் வேவர்ட்ரீ என்ற பார்வையற்றோர் பள்ளிக்குப் பால் கொடுக்கப் போய், அந்தப் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாசித்துக் காட்டத் தொடங்கியிருக்கிறார். கிடைத்த புத்தகங்கள் அவருக்குத் திருப்தி இல்லை. சரி, நாமே எழுதுவோம் என்று எழுதியதுதான் 1986-ல் வந்த முதல் புத்தகம். கடைசிப் புத்தகம் அவர் இறந்த பிறகு வந்தது. மொத்தம் 22. கண் தெரியாத பிள்ளைகளுக்காக எழுதியதால்தான் பக்கத்துக்குப் பக்கம் வாசனையும் ருசியும் சத்தமும். அதைப் படித்தபோது அப்பத்தாவை நினைத்துக்கொண்டேன். பேப்பர் கடைக்காரன் எடை போட்டுக் கொடுத்தது, சேரவேண்டிய ஆளிடம்தான் வந்து சேர்ந்திருக்கிறது.

அந்த விருந்துகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நீர்நாய்கள் இறாலும் காரக்கிழங்கும் போட்டு ஒரு சூப் வைக்குமே, அதை நான் மிளகு ரசம் என்றுதான் சொன்னேன். நாம் அன்று சாப்பிட்டுக்கொண்டிருந்தது கஞ்சியும் நார்த்தங்காய் ஊறுகாயும். காய்கறி லாரி மேலே வரவில்லை. ஜேக்ஸும் யுத்த காலத்து ரேஷனில் வளர்ந்த பிள்ளை, 1939-ல் பிறந்தவர். வயிறு காய்ந்தவன் எழுதிய விருந்து அது, அதை வயிறு காய்ந்த மூன்று பேர் கேட்டோம். அப்பத்தா ஒவ்வொரு பண்டத்துக்கும் என்னென்ன போட்டார்கள் என்று விசாரித்தார். பீட்ரூட்டும் உருளைக்கிழங்கும் டர்னிப்பும் வைத்த அந்தப் பெரிய பை வந்ததும், "இதெல்லாம் நம் ஊட்டிக் காய்தானே!" என்று ஒரு பெருமை வேறு. திரையில் சாப்பாட்டைப் பளபளவென்று காட்டுவது எளிது. உங்கள் ஸ்டுடியோ பிள்ளைகள் அதையெல்லாம் நன்றாகச் செய்துவிடுவார்கள். சாப்பாடு வருவதற்கு முன்னால் பசியைக் காட்டுவாயா என்பதுதான் என் கேள்வி.

மொழியில் நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. ஆங்கிலத்தில் மவுஸ் நல்லவன், ராட் கெட்டவன். தமிழில் இரண்டும் எலி. யோசித்து நல்லவர்களைச் சுண்டெலி ஆக்கினேன், க்ளூனியைப் பெருச்சாளி ஆக்கினேன். உடனே அப்பத்தா கம்பளியை விலக்கி எழுந்து உட்கார்ந்தார். பிள்ளையார் வாகனத்தைக் கொள்ளைக்காரன் ஆக்குகிறாயே, உனக்கு நல்ல புத்தி இருக்கிறதா என்றார். நான் என்ன செய்வேன்? புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. பேட்ஜர் என்ற பிராணியை நம் மலையில் யாரும் பார்த்ததில்லை, அதை மரநாய் என்று சமாளித்தேன். மண்ணுக்குள் வாழும் மோல்கள் அங்கே நாட்டுப்புறத்துக் கொச்சை பேசும். அவற்றுக்கு அப்பத்தாவின் கொங்குப் பேச்சைக் கொடுத்தேன். இரண்டு நாள் கேட்டுவிட்டு, "அது ஏன் என்னைப் போலவே பேசுகிறது?" என்று கேட்டார். மாட்டிக்கொண்டேன். அது கூட்டத்திலேயே கெட்டிக்காரப் பிராணி என்றேன். பொய் இல்லை, சுரங்கம் தோண்டுவதெல்லாம் அவைதான். உங்கள் படத்துக்குத் தமிழ்க் குரல் கொடுக்கும்போது கொச்சை பேசுகிறவனைக் கோமாளி ஆக்கிவிடாதீர்கள்.

பெருச்சாளி விஷயத்தில் அப்பத்தா பக்கம்தான் நியாயம் என்று இப்போது நினைக்கிறேன். அந்தத் தொடரில் பெருச்சாளியாகவோ, கீரி மாதிரியான வீசல் ஜாதியாகவோ பிறந்துவிட்டால் அநேகமாகக் கெட்டவன்தான். பிறப்பிலேயே முடிந்த கதை. எனக்கு உயிரான புத்தகம், ஆனாலும் இது குறைதான். போன மாதம் நம் தெருக்கோடிக் கோயிலில் கரடி புகுந்தது. பூட்டை உடைத்து, விளக்குக்கு வைத்திருந்த எண்ணெயை மொத்தமும் குடித்துவிட்டுப் போயிருக்கிறது. பூசாரி திட்டினார், பிறகு கொஞ்சம் நின்று, "அதற்கும் பசிதானே" என்றார். கல் படியில் எண்ணெய்ப் பாதம் நாலு அச்சு, அடுத்த நாளும் அழியவில்லை. அதன் மேல் கால் வைக்காமல் எல்லோரும் தாண்டிப் போனார்கள். உன் கதையில் கெட்டவன் யாரானாலும், அவன் மழையில் நனைந்து நிற்கிற காட்சி ஒன்று வை. ஒன்று போதும்.

நீ லேப்டாப்பில் காட்டிய 'லெஜண்ட் ஆஃப் தி கார்டியன்ஸ்' என்ற கூகைப் படத்தையும் சொல்ல வேண்டும். 2010-ல் வந்தது. இறகை இறகாக எண்ணலாம் போலிருந்தது, ஆனால் மூன்று புத்தகத்தை ஒரே படத்தில் திணித்து ஓட ஓட விரட்டினார்கள். எந்தக் கூகையும் ஒரு கிளையில் உட்கார்ந்து மூச்சு வாங்கவில்லை. 1978-ல் வந்த 'வாட்டர்ஷிப் டவுன்' என்ற முயல் படம் நேர் எதிர். அதில் சாவு சாவாகவே இருந்தது. பிரிட்டனில் எல்லோரும் பார்க்கலாம் என்று சான்றிதழ் கொடுத்துவிட்டு, நாற்பது வருடத்துக்கு மேல் கழித்துப் பெற்றோர் துணை வேண்டும் என்று மாற்றினார்கள். அந்த முயல் கதையும் ஒரு அப்பா காரில் போகும்போது தன் இரண்டு பெண்களுக்குச் சொன்னதுதான்.

ரெட்வாலை எடுக்கப்போவதாக 2021-ல் நெட்ஃபிளிக்ஸ் அறிவித்தது. அன்று முதல் நானும் காத்திருக்கிறேன்.

முதல் காட்சியே சண்டையாக இருக்க வேண்டும் என்று உன் மேலதிகாரிகள் சொல்வதாகச் சொன்னாய். அவர்களுக்குக் காசு போட்ட கவலை. அவர்களோடு மல்லுக்கு நிற்காதே. சண்டையே இருக்கட்டும், ஆனால் முதல் பத்து நொடி இருட்டாக விடச் சொல்லிக் கேள். சத்தம் மட்டும். கெட்டவன் முகத்தை எவ்வளவு தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு தள்ளிப்போடு. நீ கெட்டிக்காரி, என்னைவிட உனக்குத் தெரியும். ஒத்துக்கொள்ளாவிட்டால் விடு, அதற்காக வேலையை விட்டுவிட்டு வந்து நிற்காதே. அம்மா என்னைத்தான் திட்டுவாள்.

தகரக் கூரையில் விழுகிற மழையைப் போனில் நாலு நிமிடம் பதிவு செய்திருக்கிறேன். சிக்னல் வந்ததும் அனுப்புகிறேன். உங்கள் சவுண்டுக்காரர்களிடம் கொடு. இந்த மழையைப் பெங்களூரில் விலைக்கு வாங்க முடியாது. இரண்டாவது நிமிடத்தில் மெல்லியதாக ஒரு விசில் கேட்கும், அது வேலிப் பக்கம் வருகிற சீகாரப் பூங்குருவி. மூன்றாவது நிமிடத்தில் கேட்பது அம்மாவின் குக்கர்.

உன்
அப்பா