வேப்பங்குச்சியில் ஒரு குண்டூசி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். லட்சுமி கன்று போட்டிருக்கிறது, கிடாரி. சின்ன அத்தைக்கு மூட்டுவலி அப்படியேதான். மேலத்தெரு விவகாரம் நீ சொன்ன மாதிரியே முடிந்தது. வேறு செய்தி என்றால், வாசல் வேப்பமரம் கருகிப்போய் நிற்கிறது.

பயந்துவிடாதே, மரம் சாகவில்லை. மார்கழி பாதியில் கொழுந்துகள் தலை கவிழ்ந்தன. தை பிறந்தபோது நெருப்புக் காட்டின மாதிரி மரமே பழுப்பாகிவிட்டது. தெருவில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஒருத்தர் செல்போன் டவர் என்கிறார். அத்தை, போன ஆடி மாதம் கூழ் ஊற்றாததால் அம்மன் கோபம் என்கிறாள். நான் உன் லென்ஸை எடுத்துக்கொண்டு ஏணி போட்டு ஏறினேன். ஏறினதற்குத் திட்டாதே, அத்தைதான் ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

காலை ஆறரை மணி. வெயில் ஏறினால் நீ படிக்கிற அந்தப் பூச்சி இலைக்கடியில் ஒளிந்துகொள்ளும் என்று நீ சொன்னது நினைவிருந்தது. மூன்றாவது கிளையில் இருந்தது. முதலில் கொசு என்றுதான் நினைப்போம். அதே மெலிந்த உடம்பு, அதே நீளக் கால். உணர்கொம்பு மட்டும் உடம்பைப் போல ஏறக்குறைய இரண்டு பங்கு. கொசுவுக்கு ஏது நாலு இறக்கை? முன்னிறக்கையின் மேல்பாதி தோல் மாதிரி, நுனி கண்ணாடி மாதிரி. தோல் முடிகிற இடத்தில் ஆப்பு மாதிரி ஒரு சின்னத் துண்டு. அந்த ஆப்பைப் பார்த்தால் எந்தக் குடும்பம் என்று பாதி தெரிந்துவிடும் என்பாயே, அதையும் பார்த்தேன். பெரிய கண் இரண்டு, நடுவில் சிறு கண் கிடையாது. அலகு நாலு கணுவாக மடங்கி வயிற்றுக்கடியில் கிடந்தது. அப்புறம் முதுகு. முதுகில் கேடயம் மாதிரி இருக்கிற தகட்டின் மேல் நட்டமாக ஒரு குண்டூசி, நுனியில் உருண்டை. லென்ஸில் அதைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது, பாப்பா. ஹீலோபெல்டிஸ், தேயிலைக் கொசு. ஆணி, கேடயம் என்று இரண்டு கிரேக்கச் சொல்லைச் சேர்த்து 1858-ல் சிக்னோரே என்கிற பூச்சி ஆராய்ச்சிக்காரர் வைத்த பேர் என்று நீதான் இந்தத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னாய். அன்றைக்கு நான் பாதிதான் கேட்டேன். ஆனால் ஒன்றும் மறக்கவில்லை, பார்.

இன்னொன்றும் பார்த்தேன். இளங்காம்பில் வெள்ளி மயிர் இரண்டு நீட்டிக்கொண்டிருந்தது, ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. முட்டை உள்ளே தண்டின் சதைக்குள் செருகியிருக்கிறது, மூச்சு விட மட்டும் அந்த மயிர் வெளியே. பக்கத்தில் எறும்பு மாதிரி செம்மஞ்சளில் ஒரு குஞ்சு, முதுகில் ஊசி இல்லை. முதல் பருவத்தில் அது இருக்காது, ஒரு தோல் உரித்த பிறகுதான் முளைக்கும் என்றாய். தெரியாதவன் அதை எறும்பு என்று விட்டுவிடுவான்.

டீக்கடையில் போய்ச் சொன்னேன். இது தேயிலைக் கொசு, கொசு இல்லை, மூட்டைப்பூச்சிக்குச் சொந்தமான நாவாய்ப்பூச்சி, உலகத்தில் இந்தப் பேரினத்தில் ஏறக்குறைய நாற்பது இனம் இருக்கிறது, என் பெண் பெங்களூரில் அதைத்தான் ஆராய்கிறாள் என்று. எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போது ஒருத்தர், பாப்பா பொங்கலுக்கு வந்ததா என்றார். வேலை அதிகம் என்று சொல்லிவிட்டேன்.

வேலை அதிகம்தானே?

சாப்பாட்டை மட்டும் விட்டுவிடாதே. ராத்திரி கண்ணை ரொம்ப உருட்டாதே, மைக்ராஸ்கோப் வெளிச்சம் கண்ணுக்கு ஆகாது. கார்த்திகையில் பேசினபோது "அது முன்னாடி உட்காரவே பிடிக்கலப்பா" என்றாய். நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று போனை வைத்துவிட்டேன். தண்ணீர் காட்டி முடித்திருந்தேன், பாப்பா. என்ன சொல்வதென்று தெரியவில்லை. அதன் பிறகு நீ கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை. ஒரு வார்த்தை "நல்லா இருக்கேன்" என்று அனுப்ப எவ்வளவு நேரம் ஆகும்? அம்மா இருந்திருந்தால் இப்படிச் செய்வாயா? சரி, விடு. சாப்பாட்டை மட்டும் விட்டுவிடாதே.

வேளாண்மை அலுவலகத்திலிருந்து ஒரு தம்பி வந்து பார்த்தான். பூச்சி குத்தின காயத்தில் பூஞ்சையும் சேர்ந்துகொள்ளும், சித்திரைக்குள் மரம் தானாகத் துளிர்க்கும் என்றான். நல்ல பையன். ஆனால் என்ன இனம் என்று கேட்டேன், தேயிலைக் கொசு என்பதோடு நின்றுவிட்டான். முந்திரியிலும் வேம்பிலும் நம் பக்கம் பெரும்பாலும் அந்தோனி என்கிற இனம், அதே முந்திரியில் பிராடியும் தெய்வோராவும்கூட வரும், மேலுக்குப் பார்த்தால் மூன்றும் ஒரே சாயல் என்று அவனிடம் சொன்னேன். நிறத்தை நம்பக் கூடாது, ஒரே இனத்துக்குள்ளேயே மாறும், ஆண் பூச்சியின் பின்பக்க உறுப்பைப் பிரித்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் உறுதி என்றும் சொன்னேன். அவன் என்னை ரிட்டயர்டு வாத்தியாரா என்று கேட்டான்.

இதை எழுத உட்கார்ந்தது மரத்துக்காக மட்டும் இல்லை. ஒன்று சொல்ல வேண்டும். பதினைந்து வருஷமாகச் சொல்லவில்லை.

நம் முந்திரிக் கொல்லை போனது 'தானே' புயலில் என்றுதான் ஊரே நினைக்கிறது. நீயும் அப்படித்தான் நினைக்கிறாய். 2011 டிசம்பர் 30 விடியற்காலை மரம் சாய்ந்தது உண்மை. பண்ருட்டிப் பக்கம் யார் கொல்லைதான் தப்பியது? ஆனால் கடன் அதற்கு முந்தின வருஷத்துக் கடன்.

2010 சித்திரை, கொட்டை பொறுக்கும் நேரம். முசுறு எறும்பு கடிக்கிறது, மரத்தடிக்கு வர மாட்டோம் என்று பொறுக்குகிற பெண்கள் சொன்னார்கள். நான் மூங்கிலில் துணி சுற்றி மண்ணெண்ணெய் ஊற்றிப் பந்தம் கட்டினேன். மூன்று நாள், மரம் மரமாக, இலை தைத்துக் கட்டியிருந்த கூட்டையெல்லாம் கொளுத்தினேன். நீ அப்போது ஏழாவது. பின்னாலேயே ஓடி வந்து, "அப்பா, கொளுத்தாதீங்க, இந்த எறும்புதான் குண்டூசிப் பூச்சியப் புடிச்சிட்டுப் போகுது, நான் பாத்தேன்" என்றாய். உனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நீயாகப் பார்த்தது. வேலைக்கு வந்த ஆட்களுக்கு முன்னால் உன் கன்னத்தில் அறைந்தேன்.

அந்த மார்கழியில் துளிரெல்லாம் கறுத்தது. தையில் பூங்கொத்து ஒவ்வொன்றும் தீய்ந்தது. காம்பில் கறுப்புப் புள்ளி, புள்ளியில் பிசின். பனி அடித்துவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். அம்மாவிடமும் அதையேதான் சொன்னேன். பனி இல்லை. எட்டு மரம் தள்ளி, பந்தம் எட்டாத உயரத்தில் நான் விட்டுவைத்த ஒரு மரத்தில் முசுறு இருந்தது, அதில் மட்டும் பிஞ்சு பிடித்திருந்தது. நான் அதன் கீழே போய் நின்று பார்த்தேன், பாப்பா. பார்த்துவிட்டுத்தான் பனி என்று சொன்னேன். அப்புறம் புயல் வந்தது, எல்லாக் கணக்கும் அதன் தலையில் போனது. அம்மாவின் வளையல் போனதும், நீ அந்தக் கல்லூரியில் சேர முடியாமல் ஒரு வருஷம் வீட்டில் இருந்ததும் என்னால்தான்.

நீ இந்தப் பூச்சியையே படிக்க எடுத்தபோது, அன்றைக்கு அடித்ததை மனதில் வைத்துத்தான் எடுக்கிறாயோ என்று பயந்தேன். கேட்கவில்லை. நீ ஒவ்வொரு தடவை லீவுக்கு வந்து அதைப் பற்றிப் பேசும்போதும் நான் எழுந்து போனது அதனால்தான். உன் படிப்பு பிடிக்காமல் இல்லை.

மரத்தில் ஆறு பூச்சி பிடித்துச் சின்ன பாட்டிலில் ஸ்பிரிட் ஊற்றிப் போட்டிருக்கிறேன். ஆண் எது பெண் எது என்று எனக்குப் பார்க்கத் தெரியவில்லை, அதனால்தான் ஆறு. தேதியும் இடமும் மரமும் பென்சிலால் எழுதி உள்ளே போட்டிருக்கிறேன், பேனா மை கரைந்துவிடும் என்றாயே. நீ பார்த்தாலும் சரி, பார்க்காவிட்டாலும் சரி. அத்தை மகன் வெள்ளிக்கிழமை பெங்களூர் வருகிறான், முறுக்கோடு கொடுத்துவிடுகிறேன். பழைய ஹாஸ்டல் முகவரிக்கே வரச் சொல்லட்டுமா, இல்லை வேறு இடத்துக்கு மாறிவிட்டாயா, அதை மட்டும் எழுது.

அப்பா